குறும்பி முதல் எலும்பு வரை

காதுக் குறும்பிக்கு நம் ஊரில் மரியாதை கிடையாது. அழுக்கு என்றே அதைச் சொல்லிப் பழகிவிட்டோம். இருப்பது தெரிந்தால் எடுத்துவிட வேண்டும்; அதற்கு ஆயுதம் கொண்டையூசியோ, தீக்குச்சியோ, பைக் சாவியோ, எதுவானாலும் சரி. எங்கள் வீட்டில் தாத்தாவுக்குக் கோழி இறகு. மதியச் சாப்பாடு முடிந்து, வெற்றிலை போட்டு, திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டு, இறகைக் காதுக்குள் விட்டு இரண்டு விரல்களுக்கிடையே உருட்டுவார். கண் தானாகச் சொக்கும். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது. அந்தச் சுகத்தைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை, நானும் குடைந்தவன்தான். ஆனால் இந்த அத்தியாயத்தில் வரப்போகும் நோய்களில் பாதிக்கு மேல் அந்தச் சுகத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

வெளியே தெரியும் துளையிலிருந்து செவிப்பறை வரை உள்ள புறச்செவிக் குழாயின் நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர். வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்குக்குக் குருத்தெலும்புச் சுவர், உள்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு எலும்புச் சுவர். குழாய் நேராகவும் போவதில்லை. லேசாக வளைந்து நெளிந்துதான் போகிறது. உடம்பை மூடியிருக்கும் அதே தோல்தான் இங்கே உள்ளே மடிந்து, செவிப்பறையின் மேலும் படர்ந்து, அதோடு நின்றுவிடுகிறது. தோலால் ஆன ஒரு முட்டுச்சந்து இது.

முட்டுச்சந்தில் குப்பை அள்ளுவது எப்படி? தோல் என்றால் செத்த செல்களை உதிர்த்துக்கொண்டே இருக்கும். கையிலும் காலிலும் உதிர்வது குளிக்கும்போது போய்விடும். காதுக்குள் உதிர்வது அங்கேயே சேர்ந்தால் சில மாதங்களில் குழாய் அடைத்துப் போக வேண்டும். பெரும்பாலோருக்கு அடைப்பதில்லை. காரணம், இந்தத் தோல் நகர்கிறது. செவிப்பறையின் மேல் மைப்புள்ளி வைத்துவிட்டு, நாள்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் மருத்துவர்கள் இதை உறுதி செய்தார்கள். புள்ளி இருந்த இடத்தில் இருக்காது. நடுவிலிருந்து விளிம்புக்கும், விளிம்பிலிருந்து குழாயின் சுவருக்கும், சுவர் வழியாக வாசலுக்கும் வந்து சேரும். விரல் நகம் வளர்கிற வேகம்தான், அல்லது அதைவிடச் சற்றுக் குறைவு. உதிர்ந்த செல்கள் அந்த நகரும் தரையில் ஏறி வெளியே வந்துவிடுகின்றன.

வாசலுக்கு அருகே, குருத்தெலும்புப் பகுதியில் மட்டும் சுரப்பிகள் உள்ளன. அவை சுரக்கும் பிசினும் எண்ணெயும், நகர்ந்து வந்த செல்களும், கொஞ்சம் தூசியும் சேர்ந்ததே குறும்பி. அது தண்ணீரை ஒட்டவிடாது. லேசான அமிலத்தன்மை கொண்டது. நல்ல காதுக்குள் பி.எச். அளவு 7-க்குக் கீழேதான் இருக்கும், பெரும்பாலும் 5-க்கும் 6-க்கும் இடையே. கிருமிகளின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் என்ற நொதியும் அதில் உண்டு. ஆக வறட்சி, புளிப்பு, நகரும் தரை என்று மூன்று காவல்கள். காது குடையும்போது இந்த மூன்றையும் ஒரே வீச்சில் கலைக்கிறோம். பஞ்சு பட்ஸும் விதிவிலக்கல்ல. அது எடுக்கும் குறும்பி கொஞ்சம், உள்ளே தள்ளும் குறும்பி அதிகம். தோலில் அது போடும் கீறல் நம் கண்ணுக்குத் தெரியாது.

அப்படிக் கீறிய காதோடு கிணற்றிலோ நீச்சல் குளத்திலோ ஒரு மணி நேரம் முங்கி எழுந்தால் போதும். மறுநாள் காதுக்குள் அரிப்பு. அதற்கு மறுநாள் வலி. மெல்லும்போது வலிக்கும், தலையணையில் அந்தப் பக்கம் சாய முடியாது. காதுத் துளைக்கு முன்னால் சின்ன மொட்டு மாதிரி ஒரு குருத்தெலும்பு இருக்கிறதே, அதை அழுத்தினால் துள்ளிக் குதிக்கத் தோன்றும். மருத்துவர் காதைப் பார்க்கும் முன்பே நோய் எங்கே என்ற கேள்வியில் பாதியைத் தீர்த்துவைப்பது அந்த மொட்டுதான். சளிக் காய்ச்சலோடு குழந்தைகளுக்கு வரும் நடுச்செவி அழற்சியில் மடலை இழுத்தாலும் மொட்டை அழுத்தினாலும் வலி கூடுவதில்லை, ஏனென்றால் அங்கே நோய் செவிப்பறைக்கு அப்பால் இருக்கிறது. நாம் பேசிக்கொண்டிருக்கும் புறச்செவி அழற்சியில் தொட்டாலே வலி.

இவ்வளவு சிறிய இடத்தில் ஏன் இவ்வளவு வலி என்று கேட்பவர்களுக்கு விடை உடற்கூற்றில் இருக்கிறது. எலும்புப் பகுதியில் தோலுக்கு அடியில் கொழுப்புப் படுகை கிடையாது. காகித மெல்லிசுத் தோல், அடுத்தது எலும்பின் உறை. வீங்குவதற்கு இடமில்லாத இடத்தில் வீக்கம் வந்தால் நரம்புகள்தான் நசுங்க வேண்டும்.

கிருமி எது? பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். மற்றது சூடோமோனாஸ் ஏருஜினோசா. இந்த இரண்டாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அத்தியாயத்தின் கடைசி வரை அது நம்மோடு வரும். 19-ஆம் நூற்றாண்டில் அறுவை சிகிச்சைக்குப் பின் சில காயங்களின் கட்டுத்துணி நீலப்பச்சை நிறமாக மாறும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. 1882-இல் கார்ல் கெஸ்ஸார் என்ற பிரெஞ்சு மருந்தியலாளர் அந்தத் துணியிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். நிறம் அது சுரக்கும் பயோசயனின் என்ற சாயம். ஆய்வகத் தட்டில் அதை வளர்த்தால் திராட்சைப்பழ வாசனை வரும். அனுபவமுள்ள ஆய்வகப் பணியாளர்கள் மூடியைத் திறந்ததுமே சொல்லிவிடுவார்கள். ஈரம் இருக்கும் இடமெல்லாம் அதற்கு வீடு. குழாய் வாய், தொட்டி, நீச்சல் குளம், பூந்தொட்டி, மருத்துவமனையின் கழுவுதொட்டி. தரமில்லாத கிருமிநாசினிக் கரைசலுக்குள்ளேயே அது உயிரோடு இருந்து பிடிபட்டதும் உண்டு. ஆரோக்கியமான மனிதனை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. காவல் தளர்ந்த இடம் கிடைக்கும் வரை காத்திருக்கும்.

வெப்பமண்டலத்தில் இந்த நோய் அதிகம் என்பதால் ஆங்கிலேயர் இதற்குச் சிங்கப்பூர் காது, ஹாங்காங் காது என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். குற்றவாளி பூஞ்சைதான் என்றே நெடுநாள் நம்பவும் செய்தார்கள். இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளில் நின்ற படைவீரர்களின் காதுகளைச் சோதித்த பிறகுதான் பெரும்பான்மை பாக்டீரியா என்று தெரிந்தது. பெயரும் குற்றச்சாட்டும் தப்பு. ஈரமும் வெப்பமும் காரணம் என்பது மட்டும் சரி.

தடுக்க முடியுமா என்றால், முடியும் என்று காட்டியவர்கள் அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்பவர்கள். ஆழ்கடல் பணிக்காக அழுத்த அறைக்குள் நாள்கணக்கில் அடைந்து கிடப்பவர்களுக்குக் காதுவலி பெரிய தலைவலியாக இருந்தது. அறைக்குள் ஈரம் வற்றுவதே இல்லை. கடற்படை கண்ட வழி, அசிட்டிக் அமிலம் 2 சதவீதம் கலந்த சொட்டு மருந்து. அசிட்டிக் அமிலம் என்றால் வினிகரின் புளிப்பு. ஒவ்வொரு காதிலும் விட்டு 5 நிமிடம் கடிகாரம் பார்த்துப் படுத்திருக்க வேண்டும். காலையும் மாலையும், நீரில் இறங்கும் முன்னும் ஏறிய பின்னும். அந்த 5 நிமிடத்தில்தான் சூட்சுமம் இருந்தது. சொட்டு விட்டதும் எழுந்து போனால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். கழன்றுபோன புளிப்பைத் திரும்பப் பூசுகிற வேலைதான் அது. (இதைப் படித்துவிட்டுச் சமையலறை வினிகரைக் காதில் ஊற்ற வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் விபரீதமாகும். ஓட்டை இருப்பது பலருக்குத் தெரியாமலே இருக்கும்.)

வந்துவிட்டால் சிகிச்சையில் முதல் வேலை மருந்து இல்லை, துப்புரவு. நுண்ணோக்கியின் வெளிச்சத்தில், மெல்லிய உறிஞ்சுகுழாயால் சீழையும் செத்த தோலையும் எடுக்க வேண்டும். அழுக்கின் மேல் விழும் சொட்டு அழுக்கோடே நின்றுவிடும். குழாய் வீங்கி அடைத்திருந்தால் ஒரு திரி வைப்பார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் கன்னங்கரேலென்று தார் வாசனையடிக்கும் இக்தமால் கிளிசரினில் நனைத்த துணித்திரியைப் பார்த்திருப்பீர்கள். கிளிசரின் வீக்கத்திலிருந்து நீரை இழுக்கிறது. ஓரிரு நாளில் வழி திறக்கிறது. கடற்பஞ்சு மாதிரி உப்பும் செயற்கைத் திரிகளும் உண்டு.

பிறகு சொட்டு. ‘மாத்திரை எழுதித் தரவில்லையே’ என்று பலர் குறைபடுவார்கள். ஒரு கணக்கு பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் காது சொட்டு மருந்து 0.3 சதவீதம். அதாவது ஒரு மில்லிலிட்டரில் 3,000 மைக்ரோகிராம். அதே மருந்தின் 500 மில்லிகிராம் மாத்திரையை விழுங்கினால் ரத்தத்தில் ஏறும் உச்ச அளவு மில்லிலிட்டருக்கு 2, 3 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிக் காதுக்கு வரும். சொட்டு நேராக வந்து இறங்குகிறது. கல்ச்சர் அறிக்கையில் ‘இந்த மருந்துக்குக் கிருமி அடங்காது’ என்று இருந்தும் சொட்டிலேயே குணமாவதன் ரகசியமும் இதுதான். ஆய்வகம் அந்த முடிவை எழுதுவது ரத்தத்தில் எட்டக்கூடிய அளவை வைத்து. காதுக் குழாயில் நிற்கிற அளவு வேறு. நோய் தோலோடு நிற்கும்வரை மாத்திரை தேவைப்படுவது அபூர்வம். தோலைத் தாண்டிவிட்டால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சொட்டு விடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தபடி விட்டால் தலை கிறுகிறுக்கும். காதுக்குள் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல்களில் ஒன்று புறச்செவிக்குப் பக்கத்தில் ஓடுகிறது. குளிர் பட்டதும் அதிலுள்ள திரவம் அசைந்து, மூளைக்கு நாம் சுற்றுவதாகச் செய்தி போகிறது. புட்டியை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பொத்தி வைத்திருந்து விட்டால் தொந்தரவில்லை. செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்கு ஜென்டாமைசின் போன்ற சொட்டுகள் ஆகாது. தலைசுற்றல் நோய் ஒன்றில் உட்செவியின் சமநிலை உணர்வை வேண்டுமென்றே மழுங்கடிக்கவே அந்த மருந்தை ஊசியால் காதுக்குள் செலுத்துகிறார்கள் என்றால் அதன் குணம் புரியும்.

இப்போது பூஞ்சைக்கு வருவோம். வலியைவிட அரிப்பு அதிகம், காது அடைத்த மாதிரி இருக்கிறது, ஏற்கெனவே பத்துப் பதினைந்து நாளாக ஏதோ சொட்டு விட்டிருக்கிறார் என்றால் பாதிக் கதை முடிந்தது. உள்ளே பார்த்தால் நனைந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்த மாதிரி ஒரு சாம்பல் படலம், அதன் மேல் கறுப்புக் கறுப்பாக மிளகுத்தூள். கறுப்புப் புள்ளிகள் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையின் வித்துத் தலைகள். அழுகும் வெங்காயத்தின் மேல்தோலில் நாம் பார்க்கிற அதே கறுப்பு. வெள்ளையாகத் தயிர் திரிந்த மாதிரி இருந்தால் பெரும்பாலும் கேண்டிடா. 2021-இல் ‘கறுப்புப் பூஞ்சை’ என்று பத்திரிகைகள் எழுதியபின், காதில் கறுப்பு என்று மருத்துவர் சொன்னாலே கலங்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அது மியூக்கர் வகைப் பூஞ்சை. அது வேறு, இது வேறு. காதுத் தோலின் மேல் பரவும் ஆஸ்பெர்ஜில்லஸ் தொல்லை கொடுக்கும். செவிப்பறையை அரித்துத் துளை போடுவதும் உண்டு. ஆளைக் கொல்வது மிக அரிது.

பூஞ்சைக்கு நாம் விருந்து வைக்கிறோம் என்பது என் கட்சி. காதுவலி என்றதும் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய். எண்ணெய்க் குளியல் நாளில் தலைக்கு முன் காதுக்கு இரண்டு சொட்டு. ஆஸ்பெர்ஜில்லஸிடம் கொழுப்பைச் சிதைத்து உண்ணும் நொதிகள் இருக்கின்றன. எண்ணெய் அதற்குச் சாப்பாடு, அடியில் சிக்கிய ஈரம் அதற்குத் தண்ணீர். பாட்டியின் எண்ணெய்க் கரண்டி இளம்சூடாக இறங்கும்போது வலி சற்று அடங்கியது உண்மைதான். அது சூட்டின் பலன். இரவெல்லாம் காதில் செருகிக் கிடக்கும் இயர்போன், ஹெல்மெட்டுக்குள் வழியும் வேர்வை, காற்றுப் போக வழிவிடாத காதுகேட்கும் கருவி எல்லாம் அதே பந்தியில்தான் பரிமாறுகின்றன.

அதற்கடுத்த பரிமாறல் மருந்துக்கடையில் நடக்கிறது. ‘காதுக்குச் சொட்டு குடுங்க’ என்றால் நம் கடைகளில் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு கூட்டு மருந்து. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு, வலிக்கு மரப்பு மருந்து. எது வந்தாலும் இதில் ஒன்று அடிக்கும் என்ற கணக்கு. முதல் மூன்று நாள் யாருக்கும் சுகமாகத்தான் இருக்கும். பிறகு பாக்டீரியா செத்த இடத்தைப் பூஞ்சை பிடிக்கும், ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கி வைக்கும். நான்காவது சரக்கான மரப்பு மருந்து செய்யும் கெடுதலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வலி என்பது காது தரும் ஒரே நேர்மையான செய்தி. அதையும் அது வாயடைத்துவிடுகிறது.

பூஞ்சைக்கும் முதல் மருந்து துப்புரவே. படலத்தை முழுக்க எடுக்காமல் குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்தை விடுவது, பாசி பிடித்த தொட்டியைக் காலி செய்யாமல் பிளீச்சிங் பவுடர் தூவுவது போல. எடுத்துவிட்டு இரண்டு, மூன்று வாரம் சொட்டு விட வேண்டும். அரிப்பு நின்ற அன்றே புட்டியை வைத்துவிட்டால் மழைக்காலத்தில் மறுபடியும் வரும்.

காதின் பெயரையே சுமந்துகொண்டு உலகைப் பயமுறுத்தும் ஒரு பூஞ்சையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2009-இல் ஜப்பானில் 70 வயது மூதாட்டி ஒருவரின் காதுக் கசிவிலிருந்து அதுவரை அறியப்படாத ஒரு கேண்டிடாவைப் பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் காதுக்கு ஆரிஸ். பூஞ்சைக்குக் கேண்டிடா ஆரிஸ் என்று பெயரிட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் அதே இனம் இந்தியா உட்படப் பல நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், நோயாளிகளின் ரத்தத்தில் தலைகாட்டியது. வழக்கமான பூஞ்சை மருந்தான ஃப்ளூகோனசோலுக்குப் பெரும்பாலும் மசிவதில்லை. கட்டில் கம்பியிலும் படுக்கையிலும் வாரக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கிறது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் மிக ஆபத்தான முதல் நான்கில் அது ஒன்று. வேடிக்கை என்னவென்றால், காதுநோய்க்கும் அதற்கும் இன்று பெரிய தொடர்பில்லை. முதலில் கண்ட இடத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

இனி அந்தக் கடைசி விஷயம்.

1959-இல் மெல்ட்சர், கெலமென் என்ற இருவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். காதில் தொடங்கிய சூடோமோனாஸ் தொற்று, காதைத் தாங்கும் பொட்டெலும்பையும் தாண்டித் தாடை எலும்பு, கன்ன எலும்பு வரை பரவியிருந்தது. 1968-இல் மயாமியைச் சேர்ந்த ஜேம்ஸ் சாண்ட்லர் அப்படிப்பட்ட 13 பேரை ஒன்றாக வைத்துப் பார்த்தார். பெரும்பாலும் வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள். கிட்டத்தட்டப் பாதிப்பேர் இறந்துபோனார்கள். புற்றுநோய் போல அரித்துக்கொண்டே போவதைப் பார்த்து அவர் வைத்த பெயரில் ‘மாலிக்னன்ட்’ என்ற சொல் இருந்தது. அது புற்றுநோய் அல்ல. அந்தச் சொல்லைக் காதில் கேட்டு எத்தனை குடும்பங்கள் அழுதிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இன்று திசுவை அழிக்கும் புறச்செவி அழற்சி என்ற பொருள்படும் பெயரையே பலரும் விரும்புகிறார்கள்.

கிருமி எப்படி எலும்புக்குப் போகிறது? குழாயின் குருத்தெலும்புத் தரையில் இயற்கையாகவே சில பிளவுகள் உள்ளன. 18-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்து உடற்கூற்றாளர் சாண்டோரினி விவரித்ததால் அவர் பெயரால் வழங்குகின்றன. காதுமடலை இழுத்தால் குழாய் வளைந்து கொடுப்பதற்கு அவை உதவுகின்றன. அதே பிளவுகள் வழியாகத் தொற்று கீழே இறங்கி, மண்டையோட்டின் அடித்தளத்தைப் பிடித்துக்கொள்கிறது. காதுக்குச் சற்றுக் கீழே ஒரு துளை வழியாகத்தான் முகநரம்பு வெளியே வருகிறது. வழியில் முதலில் சிக்குவது அது. ஒரு காலை எழுந்து வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகும், ஒரு கண்ணை மூட முடியாது. இன்னும் உள்ளே போனால் விழுங்கும் நரம்பு, குரல் நரம்பு, தோள் தூக்கும் நரம்பு என்று வரிசையாக விழும்.

ஏன் சர்க்கரை நோயாளிகள்? சின்ன ரத்தக்குழாய்கள் தடித்துப்போய் எலும்புக்கும் தோலுக்கும் ரத்தம் குறைகிறது. கிருமியைத் தின்னும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. அவர்களின் குறும்பியில் புளிப்பும் குறைவு என்று அளந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ரத்தக்குழாயின் சுவரைத் தாக்கும் குணம் சூடோமோனாஸுக்கும் உண்டு. இரண்டும் சேர்ந்த இடத்தில் மருந்தும் போய்ச் சேராது, காவலும் வந்து சேராது. இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் மிக மிகச் சிலருக்குத்தான் இந்த நோய் வரும். ஆனால் மிகச் சிலர் என்பதாலேயே நினைவுக்கு வராமல் போகிறது. பலருக்கு ஆரம்பம் என்ன தெரியுமா? குறும்பியை எடுக்கக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் காது கழுவியது.

இந்த நோயைப் பிடிக்க உதவும் பெரிய தடயம் ஒரு முரண்பாடு. காதைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. கொஞ்சம் சீழ், குழாயின் தரையில் குருத்தெலும்பும் எலும்பும் சேரும் இடத்தில் செக்கச்செவேலென்று ஒரு சின்னச் சதைத்திட்டு. காய்ச்சல் இருக்காது. ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கைகூட உயராது. ஆனால் வலி? இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்காரவைக்கும் வலி. பொட்டிலும் தாடை மூட்டிலும் குடையும். வலி மாத்திரை போட்டும் நாளுக்கு நாள் ஏறும். பார்ப்பதற்கும் வலிப்பதற்கும் பொருத்தமே இல்லாத அந்த இடைவெளியை நோயாளி மிகைப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொள்ளும் மருத்துவர் கோட்டைவிடுவார். பெரியவர்கள் ‘ராத்திரி தூங்கவே இல்ல’ என்று சொன்னால் வீட்டிலும் யாரும் பொருட்படுத்துவதில்லை. வயசானால் தூக்கம் குறைவுதான் என்று முடித்துவிடுகிறோம்.

சந்தேகம் வந்தபின் சோதனைகள் வரிசையில் நிற்கின்றன. மலிவானது ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. சாதாரணக் காதுவலியில் அது உயராது. இதில் 50-ஐத் தாண்டும், சிலருக்கு 100-ஐயும் எட்டும். சி.டி. ஸ்கேன் அரித்த எலும்பைக் காட்டும். சுண்ணாம்புச் சத்தில் மூன்றில் ஒரு பங்காவது போன பிறகே அது படத்தில் தெரியும் என்பதால், முதல் வாரங்களில் ‘நார்மல்’ என்று வந்தால் நிம்மதி அடைய முடியாது. எலும்பு மஜ்ஜையிலும் சுற்றியுள்ள சதையிலும் பரவியதை எம்.ஆர்.ஐ. காட்டும். டெக்னீசியம் கொண்டு எடுக்கும் எலும்பு ஸ்கேன் சீக்கிரமே பளிச்சிடும். ஆனால் நோய் குணமாகி மாதங்கள் ஆன பிறகும் பளிச்சிட்டுக்கொண்டேயிருக்கும். ஆரம்பத்துக்கு உதவுவது முடிவுக்கு உதவாது.

சதைத்திட்டிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது. காதுக்குழாய்ப் புற்றுநோயும் இதே வேஷத்தில் வரும். நம் நாட்டில் காசநோயும் வரும். அந்தத் துணுக்கில்தான் பூஞ்சையும் தெரியும். சீழைத் துடைத்து வளர்த்தால் பூஞ்சை முளைத்தது என்பது மட்டும் போதாது. அது மேலே சும்மா ஒட்டியிருந்ததாகவும் இருக்கலாம். திசுவுக்குள் இழைகள் ஊடுருவியிருப்பதை நுண்ணோக்கியில் கண்டால்தான் வழக்கு நிற்கும். சொட்டு மருந்துகள் இங்கேதான் இரண்டாவது முறை கெடுக்கின்றன. வாரக்கணக்கில் சிப்ரோஃப்ளாக்சசின் விட்ட காதிலிருந்து எடுத்த மாதிரியில் ஒன்றும் முளைக்காது. எந்தக் கிருமி என்றே தெரியாமல் எட்டு வாரம் வைத்தியம் பார்க்க வேண்டிவரும்.

ஆம், எட்டு வாரம். சாண்ட்லர் காலத்தில் நோயாளியை வார்டில் படுக்கவைத்து, நரம்பு வழி ஊசி போட்டு, மண்டையோட்டைக் குடைந்து அறுவை செய்தார்கள். 1980-களின் பிற்பகுதியில் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை வந்தது காட்சியை மாற்றியது. வாய் வழியாகச் சாப்பிட்டு எலும்புவரை போய் சூடோமோனாஸை அடிக்கும் முதல் மருந்து அது. 750 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஆறிலிருந்து எட்டு வாரம். வார்டில் கிடந்தவர்கள் வீட்டிலிருந்தே குணமானார்கள். கத்தி இப்போது துணுக்கு எடுக்கவும் செத்த எலும்பை நீக்கவும் மட்டும்தான். முன்பு சொன்ன ஆயிரம் மடங்குக் கணக்கு இங்கே செல்லாது. சொட்டு தோலோடு நின்றுவிடும், எலும்புக்கு ரத்தம்தான் மருந்து கொண்டுபோக வேண்டும்.

அந்த மாத்திரையைப் பாலோடு விழுங்கக் கூடாது. பாலின் கால்சியம், அமிலத்தை அடக்கும் அல்சர் டானிக், இரும்புச் சத்து மாத்திரை எல்லாமே குடலில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ராத்திரி மாத்திரையைப் பாலில் சாப்பிடும் வழக்கமுள்ள வீடுகளில் எட்டு வாரச் சிகிச்சையில் பாதி இப்படி வீணாகலாம். சில சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கவும் செய்யும். சளிக்கும் பேதிக்கும் அதை அள்ளி விழுங்கிய பலனாக, இப்போது சிப்ரோவுக்கு அடங்காத சூடோமோனாஸ் பெருகிவருகிறது. அந்தக் கிருமி பிடித்தவர்களுக்குப் பழையபடி செஃப்டாசிடிம், மெரோபெனம் என்று நரம்பு வழி ஊசிதான்.

பாக்டீரியா மருந்து ஒழுங்காகப் போயும் வலி குறையவில்லை என்றால் பூஞ்சையை நினைக்க வேண்டும். எலும்பைப் பிடிக்கும் பூஞ்சை பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் குடும்பம். சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் ஆம்ஃபோடெரிசினுக்குப் பதில் 2002 முதல் வோரிகோனசோல் கிடைக்கிறது. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். கல்லீரலையும் ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலில் தோல் கருகும், சில நேரம் கண்ணுக்கு முன் நிறங்கள் மாறித் தெரியும்.

எப்போது நிறுத்துவது என்பது இன்றும் மருத்துவர்கள் வாதிடும் விஷயம். வலி முதலில் போகும், ஈ.எஸ்.ஆர். மெல்ல இறங்கும், படம் கடைசியில்தான் தெளியும். வலி போனதும் நிறுத்தியவர்களில் சிலர் சில மாதங்களில் அதே வலியோடு திரும்பி வருகிறார்கள். இந்த எல்லாவற்றுக்கும் அடியில், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது என்ற அலுப்பான வேலை ஒன்று தினமும் நடந்தாக வேண்டும்.

உங்கள் வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் யாராவது இரவில் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தால், காலையில் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதுவரை விட்ட சொட்டு மருந்துப் புட்டிகளையும், போட்ட மாத்திரைகளின் அட்டைகளையும், கடைசியாக எடுத்த சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டையும் மறக்காமல் கையில் கொண்டுபோங்கள்.